உதிரும் செல்கள்

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் காலத்தில் வடஇந்திய நகரங்களின் சாலையோரங்களில் அரசமரங்களும் வேம்புகளும் இலை உதிர்க்கின்றன. காலையில் பெருக்கிய பள்ளி முற்றம் நண்பகலுக்குள் மீண்டும் சருகால் நிறைந்துவிடுகிறது. அதே மரத்தின் கிளை ஒன்று காற்றில் முறிந்து கீழே கிடந்தால், அதனையும் சில நாள்கள் தொடர்ந்து பார்த்து வருதல் வேண்டும். அக்கிளையின் இலைகள் வாடுகின்றன, சுருங்குகின்றன, நிறம் மாறி உலர்கின்றன. ஆயினும் அவை எளிதில் உதிர்வதில்லை. காய்ந்த பின்னும் காம்பினால் கிளையைப் பற்றிக்கொண்டே இருக்கின்றன. உயிருள்ள மரத்தின் இலை உதிர்கிறது. உயிர் நீங்கிய கிளையின் இலை உதிர மறுக்கிறது. இஃது ஏன்?

இலை உதிர்தல் என்பது மரம் செய்யும் ஒரு வேலை. உதிர்ப்பதற்கு முன்னர் மரம் இலையிலுள்ள பச்சையத்தையும் புரதங்களையும் சிதைத்து, நைட்ரஜன் முதலிய சத்துகளைத் தனக்குள் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. காம்பின் அடியில் உள்ள செல்கள், தம்மை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பொருளைக் கரைக்கின்றன. இலை விழுந்த இடத்தை மூடுவதற்குக் காப்புப்படலம் ஒன்று உருவாகிறது. இத்தனையையும் செய்து முடிப்பதற்கு உயிர் வேண்டும். முறிந்த கிளையிடம் அது இல்லை.

மனித உடலிலும் விலங்குகளின் உடலிலும் செல்கள் இவ்வாறே உதிர்கின்றன. 1972 ஆம் ஆண்டில் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டெய்ர் கரி என்னும் மூன்று அறிஞர்கள் நுண்ணோக்கியில் கண்ட ஒருவகைச் செல் இறப்பிற்குப் பெயர் தேடினர். மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் 'அப்போப்டோசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். தமிழில் இதனைத் 'திட்டமிட்ட செல் இறப்பு' என எழுதுவர். பொருள் தெளிவானதே, எனினும் 'உதிர்வு' என்னும் சொல்லில் இருக்கும் அழகு அதில் இல்லை. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என இலையின் ஒவ்வொரு பருவத்திற்கும் பெயர் வைத்த மொழி தமிழ். உதிர்ந்த பூவிற்கும் 'வீ' என்று தனிப்பெயர் இட்டுள்ளது. அவ்வறிஞர்கள் கிரேக்கத்தில் தேடிய சொல்லைத் தமிழிலும் கண்டிருக்கக்கூடும்.

செல் இறப்பின் வகைகளுள் இரண்டு முதன்மையானவை. தீப்பட்டோ அடிபட்டோ இறக்கும் செல் முதலில் ஊதிப் பெருக்கிறது, பிறகு வெடிக்கிறது. உள்ளிருக்கும் பொருள்கள் வெளியே சிந்துவதால் அவ்விடம் சிவந்து வீங்குகிறது. இது முறிந்த கிளையின் நிலையை ஒத்தது. உதிரும் செல்லோ சுருங்குகிறது, தன் டி.என்.ஏ. இழைகளைத் தானே துண்டிக்கிறது. மெல்லிய சவ்வு சூழ்ந்த சிறு சிறு பொதிகளாகப் பிரிகிறது. அருகிலுள்ள செல்கள் அப்பொதிகளை விழுங்கிச் செரித்துவிடுகின்றன. வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. அதனால்தான் நாள்தோறும் கோடிக்கணக்கான செல்கள் இறந்தும் மனிதன் அதனை உணர்வதில்லை.

ஒன்று பலவாதல்

மனித உடல் ஒற்றைக் கருமுட்டையிலிருந்து தொடங்குகிறது. அந்தச் செல் இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பிரிந்து பெருகி, வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் அமைகின்றன. செல்கள் பெருகுவதோடு வளர்ச்சி நின்றுவிடுமானால் கிடைப்பது உடலன்று. ஒரு சதைக் குவியலே. ஆகவே செல்கள் தத்தமக்கு உரிய தொழிலை மேற்கொள்கின்றன. எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதியே உள்ளது. ஒரே பாடநூலை வைத்திருக்கும் மாணவர்கள் வெவ்வேறு பக்கங்களைத் திறந்து படிப்பதைப் போல, தோல் செல் சில மரபணுக்களையும் ஈரல் செல் வேறு சில மரபணுக்களையும் பயன்படுத்துகின்றன. திறக்கப்படாத பக்கங்கள் நூலில் இருந்துகொண்டே இருக்கின்றன.

தனித்தொழில் பூண்ட செல் ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழக்கிறது. இரத்தச் சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இடம் வேண்டித் தன் உட்கருவையே வெளியேற்றிவிடுகிறது. உட்கரு இல்லாத செல் பிரிந்து பெருக இயலாது. தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளவும் அதனால் இயலாது. ஏறத்தாழ 120 நாள்களில் அதன் வாழ்வு முடிகிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய, எலும்பு மஞ்சையிலுள்ள குருத்தணுக்கள் நொடிக்குச் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை உருவாக்குகின்றன. சிறுகுடலின் உட்படலச் செல்கள் சில நாள்களே வாழ்கின்றன. மூளையின் நரம்புச் செல்களுக்கோ ஆயுள் நீளம். தாய்மொழியின் முதற்சொல்லைக் குழந்தை கற்ற நாளில் அதன் மூளையில் இருந்த செல்களுள் மிகப் பல, அக்குழந்தை எண்பது வயது முதியவரான பின்னும் அதே செல்களாகவே இருக்கின்றன.

கருவில் கை தோன்றும் விதம் இன்னும் வியப்பானது. ஆறாம் வாரத்தில் கருவின் கை ஒரு துடுப்பைப் போலத் தட்டையாக இருக்கிறது. அத்துடுப்பிலிருந்து விரல்கள் முளைத்து வெளியே நீள்வதில்லை. விரல்கள் அமையும் இடங்களுக்கு நடுவிலுள்ள செல்கள் இறக்கின்றன. எட்டாம் வாரத்தின் முடிவில் விரல்கள் தனித்தனியே பிரிகின்றன. கல்லைச் செதுக்கிச் சிலை வடிப்பதை ஒத்தது இச்செயல். கோழியின் காலிலும் இதே நிகழ்ச்சி உண்டு. வாத்தின் காலில் விரலிடைச் செல்கள் பெரும்பாலும் இறவாமல் எஞ்சுகின்றன; அவையே நீந்துவதற்கு உதவும் சவ்வாகின்றன. கோழிக்கும் வாத்திற்கும் இடையே உள்ள இவ்வேறுபாட்டை, எந்தச் செல் இறக்கிறது என்பதே முடிவு செய்கிறது.

ஒரு மில்லிமீட்டர் புழு

எந்தச் செல் எப்போது இறக்கும் என்பதை எவர் எண்ணிக் கணக்கிட முடியும்? மனித உடலில் அஃது இயலாது. அதற்கு ஏற்ற உயிரைத் தேடியவர் சிட்னி பிரென்னர்.

பிரென்னர் 1927 ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் ஜெர்மிஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை லிதுவேனியாவிலிருந்து அங்குக் குடியேறிய காலணி செப்பனிடும் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாத அத்தந்தை பல மொழிகளைச் சரளமாகப் பேசினார் என்று பிரென்னர் குறிப்பிட்டுள்ளார். புலம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்த அம்மகன் பின்னர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றினார். (சிதம்பரத்தில் பிறந்து, குஜராத்தின் வதோதராவில் வளர்ந்து, 2009 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் பிற்காலத்தில் பணியாற்றியதும் இதே ஆய்வகத்தில்தான்.)

1963 ஆம் ஆண்டில் பிரென்னர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். மிகச் சில செல்களே உடைய ஓர் உயிரை எடுத்து, அதன் செல்கள் அனைத்தையும் முதல் முதலாகப் பின்தொடர வேண்டும் என்பதே அத்திட்டம். 'சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ்' என்னும் உருளைப்புழுவை அவர் தேர்ந்தெடுத்தார். மண்ணிலும் அழுகும் தாவரப் பொருள்களிலும் வாழும் இப்புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர். பாக்டீரியாக்களே அதன் உணவு. மூன்று நாள்களுக்கெல்லாம் முட்டை முதிர்ந்த புழுவாகிவிடுகிறது. எல்லாவற்றினும் மேலாக, அதன் உடல் கண்ணாடி போன்றது. அறுக்காமலும் கொல்லாமலும் உயிருள்ள புழுவின் உள்ளே செல்கள் பிரிவதைக் காணலாம்.

அவ்வாறு கண்டவர் ஜான் சல்ஸ்டன். முட்டைக்குள் வளரும் கருவின் செல்களைப் பின்தொடர்வதற்காக அவர் ஒன்றரை ஆண்டுக்காலம் நாள்தோறும் இரு வேளைகள், வேளைக்கு நான்கு மணி நேரம் என நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். ஒளிப்படக் கருவியை நம்பாமல், கண்டவற்றைத் தம் கையாலேயே வரைந்தார். இப்பணியை முடிக்க அவருக்குப் பேரறிவைக் காட்டிலும் பெரும்பொறுமையே மிகுதியாகத் தேவைப்பட்டிருக்கும். கருவில் நிகழும் செல்பிரிதலின் முழு வரலாறு 1983 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஓர் உயிரின் செல்கள் ஒவ்வொன்றிற்கும் 'இது யாருடைய பிள்ளை, யாருடைய பேரப்பிள்ளை' என்று கூறும் குடிவழிப் பட்டியல் முதன்முறையாக முழுமையாகக் கிடைத்தது.

அப்பட்டியலின் கணக்கு வியக்கத்தக்கது. இருபாற்கூறும் ஒருங்கே அமைந்த புழுவின் உடலில், இனப்பெருக்கச் செல்கள் நீங்கலாக, 1090 செல்கள் பிறக்கின்றன. முதிர்ந்த புழுவில் இருப்பவை 959. எஞ்சிய 131 செல்கள் வளர்ச்சியின்போதே இறக்கின்றன. ஒரு புழுவில் எந்த 131 செல்கள் இறக்கின்றனவோ, மற்றொரு புழுவிலும் அதே 131 செல்களே, அதே பருவத்தில் இறக்கின்றன. விபத்து இவ்வளவு ஒழுங்காக நிகழாது. ஆகவே இறக்கும் முறையும் மரபணுவில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

அவ்வெழுத்தைக் கண்டறிந்தவர் அமெரிக்க அறிஞர் இராபர்ட் ஹார்விட்ஸ். கேம்பிரிட்ஜில் சல்ஸ்டனோடு பணியாற்றிய அவர், பின்னர்த் தம் நாட்டில் ஆய்வைத் தொடர்ந்தார். செட்-3, செட்-4 என்னும் இரு மரபணுக்கள் செயற்படாவிட்டால், இறக்க வேண்டிய செல்கள் இறவாமல் நின்றுவிடுகின்றன என்று 1986 ஆம் ஆண்டில் அவர் குழு வெளியிட்டது. இதற்கு நேர்மாறாக, வாழ வேண்டிய செல்லை இறவாமல் காக்கும் செட்-9 என்னும் மரபணுவும் பின்னர்க் கண்டறியப்பட்டது. பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் ஆகிய மூவருக்கும் 2002 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

உதிர மறுக்கும் செல்

புழுவில் கண்டது மனிதனுக்குப் பொருந்துமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. மனிதரிடம் பி.சி.எல்-2 என்னும் மரபணு உள்ளது. நிணநீர் மண்டலத்தில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயில் இம்மரபணு அளவுக்கு மீறிச் செயற்படுகிறது. புற்றுநோய் மரபணு என்றால் செல்லை வேகமாகப் பெருகச் செய்வது என்றே அதுவரை கருதிவந்தனர். பி.சி.எல்-2 அவ்வாறு செய்வதில்லை. செல்லை இறக்கவிடாமல் தடுக்கிறது என்பது 1988 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் டேவிட் வாக்ஸ் என்னும் இளம் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில் தெரியவந்தது. நீர் மிகுதியாக வருவதால் மட்டுமன்று, வடிகால் அடைபட்டாலும் தொட்டி நிரம்பி வழியும் அல்லவா?

1992 ஆம் ஆண்டில் வாக்ஸும் வேறு இருவரும் இம்மனித மரபணுவை அச்சிறு புழுவினுள் செலுத்திப் பார்த்தனர். புழுவின் உடலில் இறக்க வேண்டிய செல்கள் பல இறவாமல் நின்றன. மனிதனும் புழுவும் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் மனிதனின் மரபணு கூறும் கட்டளையைப் புழுவின் செல் புரிந்துகொண்டது.

பழுதடைந்த செல் தன்னை முடித்துக்கொள்வது உடலின் காவல்களுள் ஒன்று. வெயிலில் தோலின் செல் கடுமையாகப் பழுதுபட்டால், அது பெருகிப் பிழையைப் பரப்புவதற்கு முன்னர் உதிர்ந்துவிடுகிறது. அக்காவல் தவறிய இடத்தில் புற்றுநோய் வேர்கொள்ள இடம் உண்டாகிறது. இவ்வறிவின் பயனாக மருந்தொன்று பிறந்தது. வெனிடோக்ளாக்ஸ் என்னும் அம்மருந்து ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்காக 2016 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது நஞ்சைப் போலச் செல்லைத் தாக்குவதில்லை. பி.சி.எல்-2 மரபணு உருவாக்கும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, அதன் தடுக்கும் வேலையை நிறுத்திவிடுகிறது. தடை நீங்கியதும் செல் சுருங்குகிறது, பொதிகளாகப் பிரிகிறது, அருகிலுள்ள செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன.

சொற்பொருள்

சருகு – உலர்ந்த இலை
வீ – உதிர்ந்த பூ
எலும்பு மஞ்சை – எலும்பின் உள்ளிருக்கும் மென்மையான பகுதி
குருத்தணு – பிரிந்து பெருகிப் பல்வேறு செல்களாக மாறவல்ல செல்
குடிவழி – வம்ச வரிசை

பயிற்சி

1. 'இலை உதிர்ந்தது', 'மரம் இலையை உதிர்த்தது' – இவற்றுள் தன்வினை எது, பிறவினை எது? பாடத்தில் கூறிய அறிவியல் உண்மைக்கு எத்தொடர் மிகுதியும் பொருந்தும்? காரணம் எழுதுக.

2. புழுவின் 131 செல்கள் இறப்பது விபத்தன்று என்று அறிஞர்கள் எவ்வாறு முடிவு செய்தனர்?

3. கையின் விரல்கள் தோன்றும் முறையைச் சிலை வடிப்பதோடு ஒப்பிட்டது ஏன்? வேறோர் உவமையைக் கூற முடியுமாயின் எழுதுக.

4. இலையின் பருவங்களைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறிக. நீங்கள் வாழும் ஊரின் மொழியில் அவற்றிற்கு என்ன பெயர்கள் வழங்குகின்றன என்பதையும் வகுப்புத் தோழர்களிடம் கேட்டு அருகருகே எழுதுக.