தூரத்துக்குக் காசு



ஆண்டு மலரில் வந்த உன் ‘இருபத்தொரு கிலோமீட்டர்’ கட்டுரையைப் படித்தேன். மங்கலம்பேட்டைப் பிள்ளை ஒருவன் சென்னைக்குப் போய் அரை மராத்தான் ஓடி, வீடற்றோர் காப்பகத்துக்குப் பணம் திரட்டியது பெருமைதான். அதை ஊரே உன்னிடம் சொல்லியாகிவிட்டது. எனக்கு எரிச்சல் வந்த இடங்களை மட்டும் நான் சொல்கிறேன்.

பதினெட்டாவது கிலோமீட்டரில் உனக்குத் தொடை பிடித்துக்கொள்கிறது. உடனே ‘அந்தக் கணத்தில் நானும் வீடற்றவன் ஆனேன்’ என்று எழுதிவிடுகிறாய். ஆகவில்லை தம்பி. நீ கட்டணம் கட்டி, நெஞ்சில் நம்பர் குத்தி, ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்க ஓடியவன். முடித்ததும் மெடலை மாட்டிக்கொண்டு விருத்தாசலத்துக்கு ரயிலேறியவன். தொடைப்பிடிப்பு தொடைப்பிடிப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். உன் வலியை அடுத்தவன் துயரத்தின் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் பிடிக்காதே.

அடுத்தது கணக்கு. ஷூ என்ன கம்பெனி, கடிகாரம் எத்தனை நிமிடம் காட்டியது என்பதெல்லாம் விலாவாரியாக இருக்கிறது. எவ்வளவு பணம் சேர்ந்தது, எதற்குப் போனது என்பதை மட்டும் காணோம். ‘மனிதநேயம் வென்றது’ என்று முடித்திருக்கிறாய். எத்தனை ரூபாய்க்கு வென்றது?

இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன் என்பது உனக்குத் தெரியும். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் முருகன் கோயிலில் பிராது கட்டுகிறவர்களைப் போய்ப் பார். பேர், ஊர், என்ன குறை, என்ன வேண்டும். அவ்வளவுதான் எழுதுவார்கள். ஊரிலிருந்து சந்நிதி வரைக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டுக் காசும் கட்டுவார்கள். காரியம் முடிந்ததும் வந்து பிராதை வாபஸ் வாங்குவார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு தாருங்கள் என்று வாட்ஸப்பில் கேட்டாயே, அந்தத் தூரக்கணக்கு நம் முருகனிடம் எப்போதோ இருக்கிறது. நீ பிராது கொடுத்துவிட்டாய். வாபஸ் வாங்க வரவில்லை.

2023 ஆகஸ்டில் சென்னையில் கலைஞர் நினைவு மராத்தானுக்கு 73 ஆயிரம் பேருக்கு மேல் பதிந்தார்கள். பதிவுக் கட்டணமாக வந்த மூன்று கோடிக்கு மேலான பணம், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் பிள்ளைகளோடு வருகிறவர்கள் தங்க ஓர் இடம் கட்டுவதற்கென்று கொடுக்கப்பட்டது. அதில் அரசியல் உண்டா, விளம்பரம் உண்டா என்றால் உண்டு. ஆனாலும் யார் படுக்கப்போகிறார்கள் என்பது ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிடுகிறது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பும் அப்படித்தான். மனநோயோடு தெருவில் விடப்பட்ட பெண்களுக்காகத் தொடங்கியது அது. பிற்பாடு அவர்கள் சாதாரணத் தெருக்களில் வாடகைக்கு வீடு பிடித்து, நாலைந்து பேரைச் சேர்ந்து வாழவைத்தார்கள். வாடகை, கேஸ் சிலிண்டர், அரிசி என்று சொன்னால் எனக்குப் புரியும். மனிதநேயத்தை எந்தக் கடையில் போய் வாங்க?

நாட்டில் வீடற்றவர்கள் 17.7 லட்சம் பேர் என்று 2011 கணக்கெடுப்பைப் போட்டிருக்கிறாய். எண் சரிதான். நடைபாதை, ரயில் பிளாட்பாரம், கோயில் மண்டபம், ஹியூம் பைப் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் அவர்களைத் தேடிச் சென்னைக்குப் போவானேன்? விருத்தாசலம் ஜங்ஷனில் பாசஞ்சருக்குக் காத்திருந்த ராத்திரிகளில் ஒரு பெரியவரைப் பார்ப்பேன். துணி மூட்டையைக் காலில் கட்டிக்கொண்டு தூங்குவார். ஒருமுறை சாப்பாடு வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். ‘சோத்துக்கு வடலூர் இருக்குது தம்பி. இந்த மூட்டைய வெக்க ஒரு எடம் இருந்தா நான் வேலைக்குப் போயிருவேன்’ என்றார். ரேஷன் கார்டு அதற்குள்தான் இருந்ததாம்.

வடலூரில் 1867-இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்னும் எரிகிற ஜில்லா இது. பசி என்றால் நமக்குச் சட்டென்று கை நீளும். படுக்க இடம் என்றால் மட்டும் கை மடங்கிவிடுகிறது. அன்னதானத்துக்கு ரசீது புத்தகம் தூக்குகிறவர்களில் ஒருவராவது பூட்டுப் போட்ட ஓர் அலமாரிக்கு வசூல் செய்து நான் பார்த்ததில்லை. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விருத்தாசலத்தில் லட்சம் பேர் இல்லை. தூங்க இடமில்லாதவர்கள் இருக்கிறார்கள்.

இனி, உன் நான்காவது பத்தி. விளக்கு வெளிச்சத்தில் கூட்டம் வருவதைப் பார்த்து, நடைபாதையில் படுத்திருந்த ஒரு பெண் எழுந்து, பாயைச் சுருட்டி, உங்களுக்கு வழிவிட்டு நிற்கிறாள். ‘நாங்கள் நன்றி சொல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறாய். அடேயப்பா! இத்தனை வருஷம் எழுதியும் இப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததில்லை. யாருக்காக ஓடினாயோ அவளையே எழுப்பிவிட்டு ஓடியிருக்கிறாய். அதை ஒளிக்காமல் எழுதியும் இருக்கிறாய். மற்றதையெல்லாம் கிழித்துப் போட்டாலும் இது நிற்கும். ஆனால் அடுத்த வரியிலேயே உனக்கு நாடித்துடிப்பு ஞாபகம் வந்துவிடுகிறதே, பாவி! ஓடும்போது நிற்க முடியாதுதான். எழுதும்போது நிற்கலாமே. பாய் என்ன நிறம், பக்கத்தில் பிள்ளை இருந்ததா, கூட்டம் போனபின் அவள் மறுபடி விரித்தாளா?

அங்கே ஆரம்பித்துத் திரும்ப எழுது. கீழே வரவு செலவைப் போடு. உன் பதிவுக் கட்டணம், ரயில் சார்ஜ் உட்பட. எனக்கு அனுப்பும்போது தாளில் அனுப்பு, போனில் படிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. என் பங்குப் பணம் கணக்கைப் பார்த்த பிறகுதான்.