தலைநகரில் நாம் காணாது திரும்பும் காட்சிகள்



தலைநகருக்குக் கல்விச் சுற்றுலா என்று அறிவித்தவுடன் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது இரட்டைக் கோபுரம், அடுத்தது விலங்குக் காட்சிசாலை, மூன்றாவது பேரங்காடி. இவற்றைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயினும், கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பும் பிள்ளை அதன் உயரத்தையன்றி வேறெதனைக் கற்று வருகிறது? பெற்றோர் மிகைநேரம் உழைத்துச் சேர்த்த வெள்ளியிலிருந்தே பேருந்துக் கட்டணம் வருகிறது என்பதை நாம் மறத்தலாகாது. ‘ஏன்? எப்படி?’ என்று ஓயாது கேட்கும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றிரண்டு உண்டு. அத்தகைய பிள்ளைகளுக்கென்றே அமைந்தாற்போன்ற இடங்கள் கோலாலம்பூரிலும் அதன் அயலிலும் உள. அவற்றுள் சிலவற்றில் நம் முன்னோரின் வாழ்வும் கலந்துள்ளது.

நாம் நன்கறிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். பத்துமலையின் 272 படிகளை அறியாத தமிழர் இந்நாட்டில் இலர். அப்படிகளில் ஏறுங்கால், மேற்குகையை அடையுமுன்பே பக்கவாட்டில் மற்றொரு குகையின் வாயில் உண்டு. அதுவே இருட்குகை. அதனுள் வாழும் சிலந்தி ஒன்றிற்கு அறிஞர்கள் இம்மலையின் பெயரையே சூட்டி, ‘லிபிஸ்டியஸ் பத்துயென்சிஸ்’ என்று வழங்குகின்றனர். நம் வீட்டுக் கூரையில் வலைபின்னும் சிலந்தி போன்றதன்று இது. பாறையில் இழையால் குழல்போல் ஒரு கூடு கட்டி, அதற்கு மூடிபோல் ஒரு கதவும் அமைத்து, கதவைச் சுற்றிலும் நூலிழைகளைப் பரப்பி வைத்துவிட்டு உள்ளே காத்திருக்கும். ஊர்ந்து செல்லும் பூச்சியின் கால் இழையில் பட்டதும் அதிர்வை உணர்ந்து, கதவைத் திறந்து பாய்ந்து பற்றும். மற்றச் சிலந்திகளின் வயிறு வழவழப்பாய் இருக்க, இதன் வயிற்றின் மேற்புறத்தில் தகடு தகடாய்ப் பகுப்புகள் காணப்படும். இத்தகைய அமைப்புடைய சிலந்திகள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகட்கு முந்திய புதைபடிவங்களில் கிடைத்துள்ளன. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று இத்துணைத் தொன்மையான உயிரின் வாயிலைக் கடந்தே நாம் காவடியுடன் மேலேறுகிறோம்! இருட்குகை எப்போதும் திறந்திருப்பதில்லை. செல்லுமுன் விசாரித்தறிதல் நலம்.

பத்துமலைக்கு மேற்கே, வெகு தொலைவில்லாத கெப்போங்கில் வன ஆய்வுக் கழகம் உளது. இன்று அடர்காடாய் விளங்கும் இந்நிலம், 1920ஆம் ஆண்டுகளில் ஈயம் தோண்டியெடுத்துக் கைவிடப்பட்ட வெறும் நிலமாய்க் கிடந்தது. இக்காடு மனிதர் கையால் நட்டு உருவாக்கப்பட்டது. பாழ்பட்ட மண்ணில் காடு மீண்டும் வளருமா என்னும் வினாவிற்கு இவ்விடமே விடை. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. இங்குள்ள ‘கபூர்’ மரங்களின் அடியில் நின்று மேலே நோக்குக. ஒரு மரத்தின் கிளை மற்றொரு மரத்தின் கிளையைத் தொடாது. வறண்ட ஏரியின் வெடிப்புகள் போன்று, இலைக்கூட்டங்களுக்கிடையே வானம் கோடு கோடாய்த் தெரியும். காற்றில் உராய்ந்து நுனித்தளிர்கள் ஒடிவதால் இவ்வாறு ஆகிறதென்பார் சிலர். அயல்மரத்தின் நிழலை உணர்ந்து தளிர் வளர்ச்சியை நிறுத்திக் கொள்கிறதென்பார் பிறர்.

கபூர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நமக்குக் கற்பூரம் நினைவிற்கு வரும். அந்நினைவு பிழையன்று. பண்டைய வணிகர் பொன்னுக்கு நிகராய் மதித்த கற்பூரம் இம்மரத்தின் வயிற்றில் விளைந்ததே. அதன் பெருஞ்சந்தையாய் விளங்கிய சுமத்திராவின் பாரூசுக்கு அருகே, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அதனைப் பொறித்தவர் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர்.

நகரின் நடுவே, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் ஜாமெக் பள்ளிவாசல் நிற்கிறது. அந்நீர்க்கூடலிலேதான் கோலாலம்பூர் பிறந்தது. 1926, 1971ஆம் ஆண்டுகளின் பெருவெள்ளங்கள் நகரை மூழ்கடித்ததும் அவ்வாறுகளாலேயே. இதற்கு மாற்றாய் 2007இல் திறக்கப்பட்டதே ‘ஸ்மார்ட்’ சுரங்கம். அதன் நீளம் 9.7 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவிற்கு ஈரடுக்குச் சாலையும் அமைந்துள்ளது. மிதமான மழையில் சாலைக்குக் கீழுள்ள வாய்க்காலில் நீர் ஓட, மேலே வண்டிகள் ஓடும். பெருமழையிலோ வண்டிகளையெல்லாம் வெளியேற்றி, கதவுகளை அடைத்து, சுரங்கம் முழுவதையும் வெள்ளத்திற்கே விட்டுவிடுவர். அவ்வழியே செல்லும் பேருந்தில் பிள்ளைகள் உறங்கிவிடாமல் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்!

இனி, நாம் விரிவாய்ச் சொல்ல விரும்பும் இடத்திற்கு வருவோம். கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்கு அண்மையில், பகாங் சாலையில் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பழைய வளாகம் உண்டு. இக்கழகம் 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. உள்ளே சென்று பார்க்கும் காட்சிசாலையன்று அது. சாலையோரம் நின்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லத்தக்க இடம்.

அக்காலத்தில் இந்நாட்டின் ஈயச் சுரங்கங்களில் பெரி-பெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளரைக் கொன்றது. கால்கள் வீங்கும், அல்லது மரத்துப்போகும், நெஞ்சு தளரும், இறுதியில் மூச்சு நிற்கும். ஆனால் அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழரிடையே இந்நோய் மிக அரிதாயிருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நோயின் வேர் சோற்றிலேயே உளது என்றார் அவர்.

இதனைச் சோதிக்க மருத்துவர் பிளெட்சர் என்பார் 1905ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாய் நிறுத்தி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பகுதியிலும் இரட்டைப்படை எண்ணினரை மறு பகுதியிலும் வைத்து, ஒரு சாராருக்குப் பச்சரிசியும் மறு சாராருக்குப் புழுங்கலரிசியும் அளித்தார். நோய்க்குக் காரணம் இடமா என்னும் ஐயமும் நீங்கவேண்டி, இடையில் இரு சாராரையும் இடம் மாற்றினார். பச்சரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்கு நோய் கண்டது. 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய் இருந்தது. அவ்விருவரும் சேரும்போதே நோயுடன் வந்தவர்கள். நோயாளிகளின் இசைவைக் கேட்டா இதனைச் செய்தனர்? இல்லை. இன்று எந்நாடும் இதற்கு அனுமதி தாராது. அப்பதினெண்மரையும் நினைத்தபின்னரே இக்கணக்கை நாம் வகுப்பில் சொல்லுதல் தகும். பின்னர் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் சாவகச் சாலைத் தொழிலாளரிடையே இதனை மீண்டும் ஆய்ந்து, 1909இல் உறுதி செய்தனர்.

காரணம் இதுவே. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்துங்கால், தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உட்புறத்திற்கு இறங்கிவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினும் அது முற்றும் போய்விடாது. அவிக்காத அரிசியைத் தீட்டினால் சத்தும் தவிட்டோடு போய்விடும். 1926ஆம் ஆண்டில்தான் அச்சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். இன்று பி1 உயிர்ச்சத்து என்கிறோம். நம் பாட்டியர் அப்பெயரை அறியார். ஆனால் லயத்து அடுப்பில் அவர்கள் வடித்த சோற்றில் அது இருந்தது.

இக்கழகத்திலேயே 1948இல், செடிபுதர்களில் வாழும் சிற்றுண்ணிகளால் பரவும் உண்ணிக்காய்ச்சலுக்குக் குளோரம்பெனிக்கால் என்னும் மருந்தைக் கொடுத்துக் குணம் கண்டனர். புதர் வெட்டிப் பிழைக்கும் தோட்டத் தொழிலாளருக்கு இம்மருந்தின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வழியே பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்பும் பெற்றோருக்கு ஒரு சொல். பத்துமலைக்கு நகரிலிருந்து மின்தொடர்வண்டி உண்டு. கெப்போங் வனத்திற்குக் காலையிலேயே சென்றுவிடுக. நண்பகலில் அண்ணாந்து நோக்கின் கண் கூசும், மரங்களுக்கிடையேயுள்ள கோடுகள் தெளிவாய்த் தெரியா.