முதல் போன் அத்தைக்கு

பங்குனி உத்திரத்துக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சாஸ்தா கோயிலுக்குப் போகிற வெளியூர்க் குடும்பங்கள் முதலில் பார்ப்பது ரயில் டிக்கெட்டை. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டும், எல்லாம் சரி. அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பூர்வீக வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருக்கும் அத்தைக்கோ சித்திக்கோ போன் போட்டு, "இத்தனை பேர் வாறோம், உங்களுக்குத் தோதுப்படுமா?" என்று கேளுங்கள்.

நாங்கள் ஒரு வருஷம் கேட்கவில்லை. முப்பத்திரண்டு பேர் போய் இறங்கினோம். கோயிலில் பொங்கலிட்டுத் திரும்பி, பந்தி பந்தியாகச் சாப்பிட்டு, பட்டாசலில் பாய் விரித்துக் கண்ணயர்ந்தோம். மூன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். அத்தை சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சாம்பார்ச் சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டு, அடியில் ஒட்டியிருந்ததை வழித்துப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "காப்பி போடட்டுமாட்டி?" என்று கையை ஊன்றி எழுந்தாள். அப்போது அவளுக்கு 71 வயது.

ஆகவே சமையலுக்கு ஆள் வையுங்கள். உத்திரத்தன்று சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே தவசுப்பிள்ளையைத்தான் தேடும். ஒரு மாதம் முன்பே அச்சாரம் கொடுத்துவிடுங்கள். ஒரு வேளைக்குக் கிலோ அரிசி எட்டுப் பேருக்கு வரும். பரிமாற வாழை இலை போதும், தட்டு கழுவுகிற வேலை மிச்சம்.

கழிப்பறையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஒன்றிரண்டு பேர் புழங்கும் வீட்டில் முப்பது பேர் மூன்று நாள் தங்கினால் செப்டிக் டேங்க் தாங்காது. பத்து நாள் முன்பே லாரிக்குச் சொல்லி எடுத்துவிடுங்கள். முட்டி வலிக்காரர்களுக்கு ஒரு கமோடு ஸ்டூல் கொண்டுபோங்கள்.

செலவைத் தலைக்கட்டு வரியாகப் பிரிப்பதுதான் நல்லது. ஊரில் இருப்பவரிடம் வாங்காதீர்கள். கட்டிக்கொடுத்த பெண்களையும் ஒரு தலைக்கட்டாகக் கேளுங்கள். கேட்டால் சந்தோஷமாகவே கொடுப்பார்கள், விட்டுவிட்டால்தான் மனசு நோகும். கரண்ட் பில்லை மறக்க வேண்டாம். வீடுகளுக்கு ஒரு அளவு வரை மின்சாரம் இலவசம் என்பதால் தனியாக இருக்கும் அத்தைக்குப் பெரிதாக எதுவும் வராது. நாம் மோட்டாரும் மின்விசிறியும் ஓட்டித் தீர்த்த கணக்கு, நாம் ஊர் திரும்பிய பிறகுதான் அவள் கைக்கு வரும். அந்தப் பணத்தை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

பாகப்பிரிவினைப் பேச்சைக் கோயில் நாளில் எடுக்கவே கூடாது.

கடைசியாகக் கிளம்பும் இருவர் யார் என்பதை முதலிலேயே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். இரவல் வாங்கிய அண்டாவைத் திருப்பிக் கொடுப்பது, போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டு மடிப்பது, மச்சில் கிடந்த பாய்களை மறுபடி மச்சில் ஏற்றுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர்களுக்கு மட்டும் டிக்கெட்டை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.