உச்சிவானில் ஒரு தாரை

நுழையும்முன்

கண்ணுக்குப் புலனாகும் ஒளி, வானம் அனுப்பும் செய்தியில் ஒரு சிறு பகுதியே. அதன் ஒரு புறம் மீட்டர் கணக்கில் நீளும் ரேடியோ அலைகள்; மறுபுறம் அணுக்கருவினும் நுண்ணிய அலைநீளங்கொண்ட உயர் ஆற்றல் காமா கதிர்கள். இவ்விரு கோடிகளிலும் ஒரே பொருள் ஒளிர்வது எங்ஙனம்?

சித்திரைத் திங்களின் நடுவில், இரவு பத்து மணிக்குப் பின், பாகூர் ஏரிக்கரையில் நிற்பவரின் தலைக்கு ஏறத்தாழ நேர்மேலே எம்87 என்னும் விண்மீன் திரள் கடந்து செல்கிறது. பாகூரும் வில்லியனூரும் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளன. கன்னி விண்மீன் கூட்டத்தில் உள்ள அத்திரளும் வான்நடுக்கோட்டிற்கு வடக்கே அதே அளவில் உள்ளது. வெறுங்கண்ணுக்கு அங்கு ஒன்றும் தோன்றாது. தொலைவு ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஒளியாண்டு. 1918இல் ஹீபர் கர்ட்டிஸ் என்னும் அமெரிக்க வானியலாளர், அதன் நடுவிலிருந்து நேர்கோடாக நீளும் விந்தையான ஒளிக்கீற்றைக் குறித்து வைத்தார். அக்கீற்றே தாரை. அதன் பிறப்பிடத்தில் கதிரவனைப்போல் 650 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. அதன் நிழற்படம் 2019 ஏப்ரல் 10 அன்று உலகிற்குக் காட்டப்பட்டது.

மதகு திறந்த ஏரியில் நீர் சுழித்து இறங்குவதுபோல, வளிமமும் தூசும் கருந்துளையைச் சுற்றி வட்டாகச் சுழன்று உள்ளே வீழ்கின்றன. ஒப்புமை இவ்வளவே. மதகு நீரை வெளியே எறிவதில்லை; இங்கோ, முறுக்குண்ட காந்தப்புலம் பொருளின் ஒரு பகுதியை இரு முனைகளின் வழியே ஒளியின் வேகத்தை நெருங்கும் விரைவில் வீசியெறிகிறது. தாரையில் விரையும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும்போது ரேடியோ அலைகள் பிறக்கின்றன. அதே எலக்ட்ரான்கள் வழியில் எதிர்ப்படும் ஒளித்துகள்களை மோதித் தம் ஆற்றலைக் கொடுக்க, அவை காமா கதிர்களாகின்றன.

இருளில் சாலையில் எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். வண்டி திரும்பியதும் ஒளி மங்கும். ஒளியின் வேகத்தில் 99.5 விழுக்காடு விரையும் தாரையின் ஒளியும் அவ்வாறே ஏறத்தாழ ஆறு பாகைக் கோணக் கூம்பினுள் குவிகிறது. அக்கூம்பு புவியை நோக்கி அமைந்த திரளைப் ‘பிளேசார்’ என்பர். சில பிளேசார்களின் காமா ஒளிர்வு சில மணி நேரத்திலேயே இரட்டிப்பாகும். அவ்வளவு விரைந்து மாறும் ஒளி பரந்த இடத்திலிருந்து வர இயலாது. ஆனால் தாரை சென்று முடியுமிடத்தில் திரளுக்கு வெளியே பரந்து கிடக்கும் ரேடியோ முகில்கள் பல இலட்சம் ஆண்டுகளின் சேமிப்பு. ஒன்று இன்றைய செய்தி. மற்றொன்று பழைய வரலாறு.

இவ்வரலாற்றைப் படிக்க உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், கோவிந்த் சுவரூப் தலைமையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ரேடியோ தொலைநோக்கி ஒன்றை அமைத்து 1970இல் நிறைவு செய்தது. நீளம் 530 மீட்டர்; அகலம் 30 மீட்டர். அவ்விடத்தைத் தேர்ந்த மதிநுட்பம் போற்றத்தக்கது. உதகையின் அகலாங்கு ஏறத்தாழ 11 பாகை. வடக்கு தெற்காகச் சரியும் அந்தக் குன்றின் சாய்வும் அதே 11 பாகை. ஆகவே சரிவில் கிடத்திய தொலைநோக்கியின் அச்சு, புவியின் அச்சுக்கு இணையாயிற்று. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்திற்கு மேல் பின்தொடரலாம். கண்ணாடிக்கு மாற்றாக 1,100 துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டன. பெருஞ்செலவின்றி, இந்நாட்டுப் பொறியாளர்களின் உழைப்பால் எழுந்த கருவி அது.

நிலவு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தையும் அது மீண்டும் வெளிப்படும் கணத்தையும் பதிந்து, அம்மூலத்தின் இடத்தையும் கோண அளவையும் உதகையில் கணித்தனர். நூற்றுக்கணக்கான மூலங்கள் இவ்வாறு அளக்கப்பட்டன. பேரண்டம் என்றும் ஒரே நிலையில் உள்ளதா, காலத்தால் மாறுகிறதா என்னும் வழக்கு அந்நாளில் ஓய்ந்திருக்கவில்லை. மங்கிய மூலங்களின் கோண அளவைக் கொண்டு விஜய் கபாஹி 1975இல் வெளியிட்ட ஆய்வு, மாறும் பேரண்டம் என்னும் கருத்திற்கு வலுச் சேர்த்தது.

காமா கதிர்களின் நிலை வேறு. அவற்றை வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. தடுக்கும்போது துகள்மழை தோன்றி, ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நிற்கும் நீல மின்னல் எழுகிறது. அதைப் பிடிக்க லடாக்கின் ஹான்லேயில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் விட்டமுள்ள ‘மேஸ்’ தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறந்து வைக்கப்பட்டது. இதற்கு முன்னரே அபு மலையில் இருந்த ‘டாக்டிக்’ தொலைநோக்கி, மார்க்கரியன் 421 என்னும் பிளேசாரின் காமா கதிர்களைப் பதிந்திருந்தது.

தாரையில் எலக்ட்ரான்கள் மட்டுமே உள்ளனவா, புரோட்டான்களும் உள்ளனவா? 2017 செப்டம்பர் 22 அன்று அண்டார்க்டிகாவின் பனியில் புதைந்த உணர்விகள் ஒரு நியூட்ரினோவைப் பதிந்தன. அது வந்த திசையில், அதே காலத்தில், பிளேசார் ஒன்று காமா கதிர்களில் மிகுதியாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. எலக்ட்ரான்களால் மட்டும் அத்தகைய நியூட்ரினோவை விளைவிக்க இயலாது. விரையும் புரோட்டான்கள் வேண்டும். ஒரு துகளைக் கொண்டு வழக்கை முடிக்க எவரும் ஒப்பவில்லை. தேடல் தொடர்கிறது.