நர்ஸ் உரிமத் தேர்வு: முதலில் செய்ய வேண்டியது எது?



எங்கள் காளஹஸ்தியிலிருந்து நர்சிங் படிக்கத் திருப்பதிக்கும் நெல்லூருக்கும் வேலூருக்கும் சென்னைக்கும் பெண்பிள்ளைகள் போகிறார்கள். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததும் வீட்டில் எழும் அடுத்த பேச்சு வெளிநாடு. நான் ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் படித்தவன் அல்லன். ஆனால் என் தம்பி மகள் அமெரிக்க உரிமத் தேர்வுக்குப் படித்தபோது, ஆறு மாத காலம் தினமும் மாலையில் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டவன் நான்தான். அதில் தெரிந்துகொண்டவற்றை, இதே முயற்சியில் இருக்கும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

உரிமம் என்பது என்ன?

நர்ஸ் வேலைக்குச் சட்டப்படி பதிவு வேண்டும் என்று தனிச் சட்டம் இயற்றிய முதல் நாடு நியூசிலாந்து, ஆண்டு 1901. நம் பக்கத்தில் சென்னை மாகாணச் சட்டம் 1926-ல் வந்தது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரியும் வரை காளஹஸ்தியும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர்தான். ஆகவே அக்காலத்தில் இவ்வூர் நர்ஸ்களுக்கும் அதே சட்டம்தான். இன்று இங்கே படித்தவர்கள் ஆந்திர மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்கிறார்கள்.

அந்தப் பதிவு வெளிநாட்டில் வேலை செய்யும் உரிமையைத் தராது. அமெரிக்காவில் என்கிளெக்ஸ்-ஆர்.என். என்னும் தேர்வில் தேற வேண்டும். கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015 முதல் இதையே ஏற்றுக்கொண்டன. ஆஸ்திரேலியாவும் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான மதிப்பீட்டில் 2020 முதல் இதைச் சேர்த்தது. இங்கிலாந்துக்குக் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் தனியே உண்டு. ஆகையால் எந்த நாடு என்பதை முடிவு செய்த பிறகே புத்தகம் வாங்குங்கள்.

தேர்வின் அமைப்பு

என்கிளெக்ஸ் 1994 முதல் கணினியில் நடக்கிறது. நாம் சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வி சற்றுக் கடினமாக வரும். தவறினால் சற்று எளிதாக வரும். தேர்ச்சிக் கோட்டுக்கு நாம் மேலே இருக்கிறோமா, கீழே இருக்கிறோமா என்பது 95 சதவீதம் உறுதியானதும் கணினி தேர்வை நிறுத்திவிடும். குறைந்தது 85 கேள்விகள், அதிகம் 150. நேரம் ஐந்து மணி. விட்டுப்போன கேள்விக்குத் திரும்பிச் செல்ல முடியாது.

இதில் மனத்தில் வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நம் திறமைக்குச் சரிசமமான கேள்வியாகத் தேடித் தருவதால், நன்றாகப் படித்தவருக்கும் பாதிக்குப் பாதி தவறுவது போலத் தோன்றும். அதற்காகக் கலங்கக் கூடாது. இரண்டு, 85-ல் நின்றாலே தேர்ச்சி என்றோ, 150 வரை போனாலே தோல்வி என்றோ பொருள் இல்லை.

2023 ஏப்ரலில் தேர்வு புதிய வடிவம் பெற்றது. ஒரே நோயாளியின் குறிப்பைக் கொடுத்து அதன் மேல் ஆறு கேள்விகள் கேட்கிறார்கள். எந்த அறிகுறி முக்கியம், அதன் பொருள் என்ன, எது அவசரம், என்னென்ன செய்யலாம், எதைச் செய்வது, செய்ததற்குப் பலன் கிடைத்ததா என்பவையே அந்த ஆறு படிகள்.

முதலில் எது?

இந்தத் தேர்வின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். நம் கல்லூரித் தேர்வுகளில் "நீரிழிவு நோயின் அறிகுறிகளை எழுதுக" என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்தவர் எழுதிவிடுவார். இங்கே நான்கு விடைகளும் சரியான செயல்களாகவே இருக்கும். அவற்றுள் முதலாவது எது என்பதே கேள்வி.

ரயில்வேயிலிருந்து ஓர் உதாரணம். பாதையைப் பார்த்துக்கொண்டு போகும் கீமேன், ஓரிடத்தில் தண்டவாளம் விரிந்து உடைந்திருப்பதைக் காண்கிறார். சாவியும் சுத்தியலும் கையில் இருக்கின்றன. ஆனாலும் விதி என்ன? முதலில் வரும் வண்டியை நிறுத்து. அகலப்பாதையானால் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்றும் வைத்து, சிவப்புக் கொடி காட்ட வேண்டும். ரிப்பேர் பிறகுதான்.

இப்போது தேர்வுக் கேள்வி ஒன்று. நோயாளிக்கு இரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகிறது. குளிர் நடுக்கமும் முதுகுவலியும் கண்டிருக்கின்றன. நர்ஸ் முதலில் செய்ய வேண்டியது எது? டாக்டரை அழைப்பது, வேகத்தைக் குறைப்பது, காய்ச்சல் மாத்திரை கொடுப்பது, இரத்தம் ஏற்றுவதை நிறுத்துவது என்று நான்கு விடைகள். நிறுத்துவதே முதல் வேலை. பிறகு புதிய குழாயில் சலைன் போட்டு நரம்பு வழியைக் காத்து, அதன்பின் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த பிள்ளைகள் பலருக்கும் "டாக்டரைக் கூப்பிடு" என்ற விடையே முதலில் வரும். தம் கையால் உடனே செய்யத்தக்கது ஏதும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்த விடைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. பணி தொடங்கும்போது நான்கு நோயாளிகள். முழங்கால் அறுவை முடிந்து இரண்டாம் நாள், வலிக்கிறது என்பவர்; இன்று வீடு திரும்பக் காத்திருப்பவர்; மருந்து பெற்றும் 101 டிகிரி காய்ச்சல் உள்ளவர்; தைராய்டு அறுவை முடிந்து மூச்சில் கீச்சொலி கேட்பவர். முதலில் பார்க்க வேண்டியவர் கடைசியாகச் சொன்னவர். கழுத்துக்குள் வீக்கமோ இரத்தக் கசிவோ மூச்சுக்குழாயை அடைக்கலாம். மூச்சு வழி, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசையை மறக்கக் கூடாது.

நம் பழக்கம் இடிக்கும் இடங்கள்

"அப்பாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள்" என்று மகன் கேட்டால் நம் ஊரில் தலையாட்டிவிடுவோம். தேர்வில் நோயாளியின் உரிமையே முதன்மை. அவருடைய சம்மதமின்றி மகனிடம்கூட விவரம் சொல்லலாகாது. அதேபோல் குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது போன்றவற்றை உதவியாளரிடம் ஒப்படைக்கலாம். நோயாளியின் நிலையை மதிப்பிடுவதையும் அவருக்குக் கற்பிப்பதையும் நர்ஸே செய்ய வேண்டும்.

மருந்துப் பெயர்களும் மாறும். நம் பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின், எபினெஃப்ரின், சால்பியூட்டமால், ஆல்பியூட்டரால், பெத்திடின், மெப்பெரிடின். இவற்றை முதல் வாரத்திலேயே பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கணக்கு

குழந்தையின் எடை 44 பவுண்டு. கிலோவுக்கு 10 மில்லிகிராம் மருந்து. சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளது. 44-ஐ 2.2-ஆல் வகுத்தால் 20 கிலோ. தேவை 200 மில்லிகிராம். ஒரு மில்லியில் 25 மில்லிகிராம். ஆக 8 மில்லி.

1000 மில்லி சலைன் 8 மணியில் ஏற வேண்டும். குழாயில் ஒரு மில்லிக்கு 15 சொட்டு. 1000-ஐ 15-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 31.25, அதாவது நிமிடத்துக்கு 31 சொட்டு.

புள்ளி வைப்பதிலும் விதி உண்டு. அரையை 0.5 என்று எழுத வேண்டும். முன் சுழியை விட்டால் யாராவது 5 என்று படித்துவிடுவார்கள். ஐந்தை 5 என்றே எழுத வேண்டும், 5.0 என்றால் 50 ஆகிவிடும். ஒரு புள்ளியில் பத்து மடங்கு மருந்து ஏறிவிடும்.

தினசரித் திட்டம்

ஷிப்டு வேலை பார்ப்பவருக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆனால் நாள் தவறக் கூடாது. முதல் மணியில் முப்பது கேள்விகள். அடுத்த மணியில் விடைகளை ஆராய்ச்சி செய்ய வேண்டும். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: விஷயம் தெரியாமல் தவறியது, கேள்வியைச் சரியாகப் படிக்காமல் தவறியது, எது முதல் என்று புரியாமல் தவறியது. எங்கள் வீட்டு நோட்டில் மூன்றாம் பத்திதான் வேகமாக நிரம்பியது. எதில் உழைக்க வேண்டும் என்பதை அந்த நோட்டே காட்டிக் கொடுத்தது.

"பொருந்துவன எல்லாம் தேர்ந்தெடு" என்னும் கேள்வியில் சரியானதற்கு மதிப்பெண் கூடும், தவறானதற்குக் குறையும். குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் தொடாதீர்கள்.

பெற்றோர் கவனத்திற்கு

"கேள்வித்தாள் வாங்கித் தருகிறேன்" என்று எவரேனும் பணம் கேட்டால் நம்பாதீர்கள். ஆளுக்கு ஆள் கேள்வி மாறும் தேர்வில் கேள்வித்தாள் என்று ஒன்று இல்லவே இல்லை. போலிச் சான்றிதழ் பேச்சுக்கும் காது கொடுக்காதீர்கள். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டது வெளியாகி, 25 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அத்தகைய சான்றிதழைக் காட்டி வேலையில் சேர்ந்தவர்களின் உரிமமும் கேள்விக்குள்ளானது.

ஒருமுறை தவறினாலும் உலகம் முடிந்துவிடாது. 45 நாள் கழித்து மீண்டும் எழுதலாம். வீட்டை அடகு வைத்துப் படிக்க வைத்தோம் என்பதை அந்த 45 நாளும் பிள்ளையின் காதில் ஓதிக்கொண்டிருக்காதீர்கள். தேர்வு முடியும் வரை சமையலையும் சில்லறை வேலைகளையும் மற்றவர்கள் பகிர்ந்துகொண்டு, அந்த இரண்டு மணி நேரத்தை அவளுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். புத்தகத்தைப் பிடித்துக் கேள்வி கேட்க மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் போன்ற ரயில்வேக்காரரே போதும்.

எங்கோ ஓர் ஊரில், முகம் தெரியாத ஒருவர் நம் பிள்ளையை நம்பித்தான் கட்டிலில் படுத்திருப்பார். அவரைக் காக்கத் தகுந்தவள்தானா என்று பார்ப்பதே இத்தேர்வு. அந்த எண்ணத்தோடு படிக்கும் பிள்ளைகள் அனைவரும் வெற்றி பெற வாழ்த்துகிறேன்.