வால் எண் ஒன்று, விமானம் வேறு

சென்ற ஆண்டு அக்டோபர் 8, விமானப்படை நாள். ஒன்பதாம் வகுப்பில் சமூக அறிவியல் பாடம் முடிந்து பத்து நிமிடம் மீதமிருந்தது. மடிக்கணினியில் ஒரு பழைய விமானத்தின் படத்தைத் திறந்து காட்டினேன். இரண்டு எஞ்சின், பருத்த உடல், வாலில் ‘வி.பி. 905’ என்ற எண். “1947 அக்டோபர் 27 அன்று நம் படைவீரர்களோடு ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டா இதுதான். இன்றைக்கும் பறக்கிறது” என்றேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான்கு ஆண்டுகளாக இதே படத்தைக் காட்டி இதையேதான் சொல்லி வந்தேன். ஒவ்வோர் ஆண்டும் கைதட்டல் உண்டு.

அடுத்த வாரம் ஒரு மாணவி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். “சார், நீங்க காட்டுனது அந்த விமானம் இல்லையாம் சார். அண்ணன் போன்ல பாத்தோம். இது இங்கிலாந்துல வாங்கி ரிப்பேர் பண்ணதாம். நம்பர் மட்டும்தான் அதோட நம்பராம்.”

தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

1947-இல் டெல்லியிலிருந்து சீக்கியப் படைப்பிரிவின் முதலாம் பட்டாலியனை ஏற்றிச் சென்றவை டகோட்டாக்கள். அவற்றில் முதலில் தரையிறங்கியதன் எண்தான் வி.பி. 905. நான் படத்தில் காட்டியது அந்த இனத்தைச் சேர்ந்த வேறொரு விமானம். அதுவும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கட்டப்பட்டதே. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் அதை வாங்கி, இங்கிலாந்தில் புதுப்பித்து, விமானப்படைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அவருடைய தந்தை விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். 2018 ஏப்ரலில் அது இங்கிலாந்திலிருந்து பல நாடுகளில் இறங்கி இறங்கி ஜாம்நகர் வந்தது. மே 4 அன்று ஹிண்டன் தளத்தில் ‘பரசுராமா’ என்ற பெயரோடு விமானப்படையின் பழைமை விமானப் பிரிவில் சேர்ந்தது. ஸ்ரீநகரில் இறங்கிய விமானத்தின் நினைவாகத்தான் அந்த எண்ணை இதன் வாலில் எழுதினார்கள். அன்பளிப்புச் செய்தவர் இதை மறைக்கவில்லை. படத்தைப் பார்த்ததும் முடிவுக்கு வந்தவன் நான்தான்.

மறுநாள் வகுப்பில் அதைச் சொன்னேன். சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. “அப்ப இது டூப்ளிகேட்டா சார்?” என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தது. ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்தத் தடுமாற்றத்தில் பிறந்ததுதான் இந்தப் பாடம்.

உப்பிலியபுரம் வட்டாரத்தில் பல கிணற்று மேட்டில் இன்றும் பழைய ஆயில் எஞ்சின் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கும். ஒரு மாணவன் வீட்டு எஞ்சின் இன்னும் ஓடுகிறது. தாத்தா வாங்கியது. அப்பா காலத்தில் பிஸ்டன், லைனர், ரிங் மாற்றினார்கள். பிறகு கிராங்க் போனது. ஒரு முறை வெடிப்பு விட்ட பிளாக்கையே மாற்றினார்களாம். பக்கத்தில் திருகியிருக்கும் எண் தகடு மட்டும் முதல் நாளிலிருந்து அப்படியே இருக்கிறது. “இப்ப அது தாத்தா எஞ்சினா, அப்பா எஞ்சினா?” என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்தியது.

பழைய போர் விமானங்களைப் புதுப்பிப்பவர்களிடமும் இதே சண்டைதான். பி9374 என்ற எண் கொண்ட ஸ்பிட்ஃபயர் 1940 மே மாதம் பிரான்சின் கலே கடற்கரையில் இறங்கி மணலில் புதைந்தது. 1980-இல் கடல் அரித்ததில் வெளியே தெரிந்தது. நாற்பது ஆண்டு உப்புநீரில் கிடந்த அலுமினியத்தை நம்பி யாரும் பறக்க முடியாது. பெரும்பகுதியைப் புதிதாகச் செய்துதான் 2011-இல் பறக்கவிட்டார்கள். 2015 ஏலத்தில் அது முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. எண் பழையது, வரலாறு பழையது, உலோகம் பெரும்பாலும் புதியது. எஞ்சின் தகடு கதைதான்.

பறக்க வேண்டுமென்றால் மாற்றியே ஆக வேண்டும் என்பதை அறிவியல் ஆசிரியர் வந்து விளக்கினார். திரும்பத் திரும்ப வளையும் உலோகம் களைத்துப்போய் வெடிப்பு விடும். ரப்பர்க் குழாய் இறுகும், மின்கம்பியின் உறை உதிரும். டகோட்டாவின் ஒவ்வொரு எஞ்சினிலும் 14 சிலிண்டர். இன்றைய வான்வழியில் செல்ல இன்றைய வானொலிக் கருவியும் வேண்டும். ஆகவே பறக்கும் பழைய விமானம் எதுவும் முழுக்கப் பழையதாக இருக்க முடியாது. முழுக்கப் பழையதாகவே வைக்க வேண்டுமென்றால் தரையில் நிறுத்த வேண்டும். அதுவும் வீணில்லை. எம்.ஐ.டி. வளாகத்தில் நிறுத்தி வைத்திருந்த ஓய்வுபெற்ற இரண்டு விமானங்கள் தம்மை எப்படி ஈர்த்தன என்று கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்லியிருக்கிறார். அவை பறக்கவில்லை, ஆனால் பாடம் நடத்தின. தரையில் நிற்பதிலும் மாற்றம் நேரும். 1903-இல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானம் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இறக்கைத் துணியை 1927-இலும் 1985-இலும் மாற்றியிருக்கிறார்கள்.

பிள்ளைகளை அதிகம் யோசிக்க வைத்தது கான்பூர் கதை. போர் முடிந்ததும் ஆங்கிலேயர் தங்கள் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை அங்கே கைவிட்டார்கள். யாரும் மீண்டும் பயன்படுத்தக் கூடாதென்று சேதப்படுத்திவிட்டே போனார்கள். நம் எச்.ஏ.எல். ஊழியர்கள் ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றில் பொருத்தி, 1948 முதல் சுமார் நாற்பது விமானங்களை மீட்டார்கள். அவற்றை முதலில் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிச் சென்றவர் ஜாம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி. 1968 வரை நம் விமானப்படையில் அவை இருந்தன. மற்ற நாடுகளில் லிபரேட்டர்களை உடைத்து உருக்கிவிட்டதால், அருங்காட்சியகங்கள் நம்மிடம் கேட்டு வாங்கின.

அப்படிப் போனவற்றில் ஒன்றை அமெரிக்காவில் ஓர் அறக்கட்டளை புதுப்பித்து 1989-இல் பறக்கவிட்டது. ‘ஆல் அமெரிக்கன்’ என்று பெயர் எழுதினார்கள். 1998-இல் ‘டிராகன் அண்ட் ஹிஸ் டெயில்’, 2005-இல் ‘விட்ச்கிராஃப்ட்’ என்று மாற்றினார்கள். மூன்றும் போரில் பறந்த வேறு அமெரிக்க விமானங்களின் பெயர்கள். இந்த விமானமோ ஆங்கிலேயரிடமும் நம்மிடமும் வேலை பார்த்தது. இருபது ஆண்டு இந்திய வாழ்க்கை வண்ணத்துக்குள் மறைந்துவிட்டது. அங்குள்ள முதிய வீரர்களுக்கு மரியாதை செய்யவே அப்படிச் செய்தார்கள், அதில் தவறில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது உறுத்துகிறது. “அப்ப நம்ம வி.பி. 905 மட்டும் எப்படி சார் சரி?” என்று ஒரு பையன் மடக்கினான். மடக்கத்தான் செய்வான். நம் விமானத்துக்கும் இங்கு வருமுன் ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறதே!

பதில் தேட ஸ்ரீரங்கத்துக்குப் போனோம், பேச்சில்தான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணி, குடமுழுக்கு. சுதையும் வண்ணமும் புதிதாகும், கோயில் போலியாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கல்வெட்டில் கை வைத்தால் சண்டை வரும். தெற்கு ராஜகோபுரம் பல நூற்றாண்டு மொட்டையாக நின்று 1987-இல்தான் பதின்மூன்று நிலையோடு முடிந்தது. அதைப் பழங்காலக் கோபுரம் என்று கோயில் சொல்லிக்கொள்வதில்லை. 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும் இதைத்தான் கேட்கிறது: புதிதாகச் சேர்த்த பகுதி பழையதோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் புதியது என்று அடையாளம் தெரியவும் வேண்டும்.

பிறகு ஒரு செயல்பாடு கொடுத்தேன். வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றுக்கு ஒரு சீட்டு எழுத வேண்டும்: முதலிலிருந்தே இருப்பது எது, மாற்றியது எது, எப்போது, இதைச் சொன்னவர் யார். ‘தெரியவில்லை’ என்று எழுதலாம். அதற்கு மதிப்பெண் குறையாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் ஆண்டைக் கற்பனை செய்துவிடுவார்கள். ஒரு பாடவேளையில் முடியும் என்று நினைத்தேன், மூன்று ஆனது. ‘அரிவாள். இரும்பு தாத்தா காலம். பிடி மூன்று முறை மாற்றியது. சொன்னவர் ஆயா’ என்று ஒரு சீட்டு வந்தது. எங்கள் வீட்டில் பழைய பொருளே இல்லை என்று ஒரு பெண் தலை குனிந்தாள். இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். பள்ளி மணியை, அந்தத் தண்டவாளத் துண்டை, அவளுக்குக் கொடுத்தேன். அவள் காவலர் ஐயாவையும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் விசாரித்து எழுதியதுதான் வகுப்பிலேயே நீளமான சீட்டு. நீங்கள் செய்து பார்த்தால், பள்ளிப் பொருள்கள் சிலவற்றையும் முதலிலேயே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக விமானப் படத்துக்கும் சீட்டு எழுதினார்கள். ‘டகோட்டா. போர்க்காலத்தில் கட்டியது. 2018-இல் இந்தியாவுக்கு வந்தது. 1947-இல் ஸ்ரீநகரில் இறங்கிய விமானம் இதுவல்ல. அதன் நினைவாக அதன் எண்ணைத் தாங்கியிருக்கிறது. எந்த உறுப்புகள் புதியவை: தெரியவில்லை.’ அது இப்போது வகுப்புச் சுவரில் படத்துக்குக் கீழே இருக்கிறது.

முந்தைய ஆண்டுப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டுமே என்று மனசு கேட்கவில்லை. துறையூர்ப் பேருந்து நிலையத்தில் ஒருவன் எதிர்ப்பட்டான், இப்போது பதினொன்றாம் வகுப்பு. நிறுத்திவைத்து முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

“அப்படியா சார்? நான் அப்பவே எங்க ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே.”