பிரேக் பெடல் உள்ளே போகிறதே, ஏன்?



பாஸ்கல் விதியைப் பரீட்சையில் நாம் எல்லோருமே எழுதி விடுகிறோம். ஆனால் ஒருவர் பழைய அம்பாசிடரைக் கொண்டு வந்து நிறுத்தி, "தம்பி, பெடல் மெத்து மெத்துனு போகுது, என்னன்னு பாருப்பா" என்றால் முதலில் எங்கே கை வைப்பது? பல பட்டறைகளில் உடனே ஸ்பேனரை எடுத்து நாலு சக்கரத்திலும் ஏர் எடுக்க ஆரம்பித்து விடுகிறார்கள். பெடல் எப்படி உள்ளே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நோயைச் சொல்வதே அதுதான்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்று விட்டது. ஆனாலும் நம் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்களில் இன்னும் அதற்கு மவுசு இருக்கிறது. தொடக்ககால வண்டிகளில் பிரேக் ஆயிலுக்கு ஒரே சுற்றுதான். எங்கே ஒரு இடத்தில் ஒழுகினாலும் நாலு சக்கரமும் போச்சு. மிஞ்சுவது ஹேண்ட் பிரேக்கும் கியரும் மட்டுமே. திருச்சி - மதுரை நான்கு வழிச் சாலையில் பிரேக்கைத் தொடாமலே வெகுதூரம் வரலாம். கொடும்பாளூரில் மூவர் கோயிலுக்குத் திரும்பும்போதுதான் முதன்முறையாகப் பெடலை மிதிப்போம். அது தரையைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெடலை மிதித்தால் பஞ்சு போல அமுங்குகிறது, இரண்டு மூன்று முறை பம்ப் பண்ணினால் மேலே வருகிறது என்றால் லைனில் காற்று இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு: மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 22 மி.மீ., ஸ்ட்ரோக் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாகத் தள்ளும் ஆயில் சுமார் 11.4 சி.சி. லைனில் 4 சி.சி. காற்று இருந்தால், அழுத்தத்தில் அது ஒன்றுமில்லாமல் சுருங்கி விடும். ஸ்ட்ரோக்கில் மூன்றில் ஒரு பங்கு காற்றை நசுக்கவே செலவாகிறது!

முதல் மிதியில் தாழப் போய், அடுத்த மிதியில் கல் மாதிரி நின்றால் பெரும்பாலும் காற்று இல்லை. லைனிங் தேய்ந்து ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி கூடி விட்டது. அட்ஜஸ்ட் பண்ணினால் போதும்.

காலையில் நன்றாக இருந்து, மலை இறங்கும்போது மட்டும் பெடல் தளர்ந்தால் பிரேக் ஆயிலைச் சந்தேகியுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவு 140 டிகிரியாக இறங்கி விடலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தச் சூடு வரும். ஆயில் ஆவியாகும், ஆவி காற்றைப் போலவே அமுங்கும். கீழே வந்து ஆறியதும் "ஒண்ணுமில்லையே சார்" என்பார்கள்!

காலை அழுத்தி வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்ல இறங்குவதுதான் மோசமான கேஸ். எங்கோ ஆயில் தப்பிக்கிறது. டயரின் உள்பக்கம் ஈரமா, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினால் உள்ளே கசிவா என்று பாருங்கள். எங்கும் ஒழுகல் இல்லை, ரிசர்வாயரில் மட்டமும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப்பின் உதடு தேய்ந்து, ஆயில் பின்னாலேயே வழிகிறது. இதைச் சோதிக்க ஓங்கி மிதிக்கக் கூடாது. ஓங்கி மிதித்தால் அழுத்தமே கப்பைச் சுவரோடு ஒட்ட வைத்து நல்ல கப் போலக் காட்டி விடும். லேசாக, ஒரே சீராக, ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். (பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் பெடல் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.)

சந்தேகம் தீரவில்லையா? சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் வழி மூன்றாகப் பிரிவது கொடும்பையில், அதாவது நம் கொடும்பாளூரில். பிரேக் லைனும் அப்படித்தான்: முன்னால் இடது, முன்னால் வலது, பின் ஆக்ஸில் என மூன்று ரப்பர் ஹோஸ். மூன்றையும் விளிம்பு மழுங்கிய ஹோஸ் கிளாம்ப்பால் அடைத்து மிதியுங்கள். அப்போதும் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றலாம். கெட்டியாக நின்றால் ஒவ்வொரு கிளாம்ப்பாக விடுங்கள். எதை விட்டதும் பெடல் இறங்குகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. கட்டிங் பிளையரால் நசுக்கவே கூடாது. ஹோஸ் வெடித்துப் போயிருந்தால் சோதனையே வேண்டாம், மாற்றி விடுங்கள்.

ஏர் எடுக்கும்போது எனக்குத் தெரிந்து யாருமே கவனிக்காதது ஒன்று உண்டு. பழைய சிலிண்டரில் தினசரி ஸ்ட்ரோக்குக்கு அப்பால் உள்ள பகுதி துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருக்கும். பெடலைத் தரை வரை மிதித்தால் கப் அங்கே போய் உதடு கிழியும். ஏர் எடுக்க வந்த வண்டி மாஸ்டர் சிலிண்டர் கிட்டோடு திரும்புவது இதனால்தான். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்து விட்டால் இந்தத் தொல்லை இல்லை. தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி வாருங்கள். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்ற வேண்டாம். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிப் போகும். பிறகு எல்லாக் கப்பும், எல்லா ஹோஸும் புதிதாகப் போட வேண்டியதுதான்.

வேலை முடிந்ததும் ரிசர்வாயரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மறுநாள் காலை அந்தக் கோட்டைப் பார்த்து விட்டு வண்டியைக் கொடுங்கள்.